நிலமும் பொழுதும்

தமிழில் பொருளிலக்கணம் வகுத்த முன்னோர் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்து அவற்றை முதற்பொருள் என்றனர். ஒரு நிலத்தில் எம்மரம் வளரும், எவ்விலங்கு வாழும், மக்கள் எத்தொழிலைச் செய்வர் என்னும் கருப்பொருட் செய்திகள் யாவும் அவ்விரண்டன் கூட்டத்தால் அமைவன என்பது அவர் கொள்கை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்து அவையே பாலையாகும் என்று சிலப்பதிகாரமும் கூறும். பண்டையோர் காபன் என்னும் மூலகத்தை அறிந்திருந்தனர் என்று சாதிப்பது எமது நோக்கமன்று. அத்தகைய வீண் பெருமை நமக்கு வேண்டியதுமன்று. ஆயினும், காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் மண்ணிலும் அடங்கிக் கிடக்கும் காபனைக் கணிக்கப் புகுந்த இக்கால அறிஞர் பலர், நிலத்தின் மாற்றத்தை ஓர் ஏட்டிலும் பொழுதின் மாற்றத்தை வேறோர் ஏட்டிலும் எழுதிவைத்து இடர்ப்படுவதைக் காணும்போது, இரண்டையும் ஒரு பொருளாக வைத்தெண்ணிய அந்தப் பழைய முறையே நினைவுக்கு வருகின்றது. அதுபற்றிச் சில கருத்துக்களை இவ்விழா மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்று கற்கும் இளைஞர்க்கும் எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

இக்கணக்கு எதற்காக என்று சிலர் வினவலாம். 1958 ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் கீலிங் என்னும் அறிஞர் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டை இடையறாது அளக்கத் தொடங்கினார். அப்பொழுது காற்றின் பத்து லட்சம் பங்கில் அவ்வாயு ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று அது 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதாலும் காடழிப்பதாலும் மனிதன் ஆண்டுதோறும் காற்றிற் கலக்கும் காபன் முழுவதும் அங்கே தங்கிவிடுமாயின் நிலைமை இதனினும் பன்மடங்கு கொடியதாயிருக்கும். அவ்வாறு ஆகாமற் காப்பன இரண்டு. கடல் ஏறத்தாழக் காற்பங்கை ஏற்றுக்கொள்கின்றது. நிலத்து மரஞ்செடிகளும் மண்ணும் நூற்றுக்கு 30 பங்கு வரையில் ஏற்றுக்கொள்கின்றன. வாய்திறந்து கேளாமலே நமது கடனிற் பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்ளும் இவ்விரு உறவினரும் இனியும் அவ்வாறே செய்வரா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கே இக்கணக்கு எழுந்தது.

கணக்கெழுதும் முறைகள் பல. அவற்றுள் எளியது வீட்டுப் பேரேட்டை ஒத்தது. செய்மதி பிடித்த படங்களைக் கொண்டு ஒரு நாட்டைக் காடு, வயல், தோட்டம், பற்றை, சதுப்பு நிலம், குடியிருப்பு என வகுப்பர். ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஹெக்டேயரில் எத்தனை தொன் காபன் உண்டென ஓர் எண்ணைக் குறிப்பர். அந்த எண் நான்கு அறைகளின் கூட்டுத்தொகையாகும். நிலத்தின் மேலுள்ள அடிமரமும் கிளையும் இலையும் ஓரறை, வேர் ஓரறை, உதிர்ந்த சருகும் பட்டமரமும் ஓரறை, மண் ஓரறை. பரப்பை எண்ணாற் பெருக்கினால் நாட்டின் இருப்பு தெரியவரும். இன்னும் முப்பது ஆண்டுகளில் இன்ன காடு வயலாகும், இன்ன வயல் வீடாகும் என ஊகித்து மீண்டும் பெருக்கினால் வருங்கால இருப்பும் தெரியவரும். அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழுவினர் ஆக்கிய ‘இன்வெஸ்ற்’ என்னும் மாதிரியுரு இவ்வகைக் கணக்கையே செய்கின்றது. பல நாடுகளில் இன்று வெளிவரும் ஆய்வுகள் மிகப்பல இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

இம்முறையின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஒரு காட்டை அழித்தால் நேரும் இழப்பை அமைச்சரும் அதிகாரியும் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளும் வண்ணம் எண்ணாற் காட்டுவது சிறிய தொண்டன்று. ஆனால், இப்பேரேட்டில் இரண்டு குறைகள் உள. ஒன்று, ‘காடு’ என்னும் ஒரு சொல்லுக்குள்ளே, நூறாண்டு முதிர்ந்த பாலையும் முதிரையும் நிறைந்த வன்னிக் காடும் சேனைக்காக எரித்துக் கைவிட்ட இடத்தில் நேற்று முளைத்த இளங்காடும் ஒரே எண்ணைப் பெற்றுவிடக்கூடும். மற்றையது, அந்த எண் மாறாத எண். மழை பொய்த்தாலும், வெம்மை மிகுந்தாலும், ஒரு ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்பது ஏட்டில் அப்படியே நிற்கும். சுருங்கச் சொன்னால், இக்கணக்கிலே நிலம் மாறும், பொழுது மாறாது.

இக்குறையை நீக்குதற்கு வேறொரு வகை மாதிரியுருக்கள் எழுந்தன. இவை இருப்பை மட்டும் எண்ணாமல் வரவையும் செலவையும் கணிக்கின்றன. ஒளித்தொகுப்பினால் இலை எவ்வளவு காபனைப் பெறுகின்றது, சுவாசத்தினால் எவ்வளவை இழக்கின்றது, உதிர்ந்த சருகை நுண்ணுயிர்கள் எத்துணை விரைவிற் சிதைக்கின்றன என மாதந்தோறும் கணக்கிடுவன இவை. இங்கிலாந்திலுள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தின் மாதிரியுரு மண்ணிலுள்ள காபனை ஐந்து கூறாக்கி, மாத வெப்பநிலை, மழை, ஆவியாதல், மண்ணிலுள்ள களியின் அளவு ஆகியவற்றைக் கொண்டு அவை கரையும் விரைவைக் கூறும். இவ்வகையிலே பொழுதுக்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. எனினும் உலகம் முழுவதற்கும் இவ்வாறு கணிக்கப் புகுந்தபோது ஒரு பெருஞ் சிக்கல் தோன்றிற்று. 2006 ஆம் ஆண்டிலே பதினொரு மாதிரியுருக்களை ஒருங்கு வைத்து ஒப்பிட்டனர். வெம்மை மிகுந்தால் இயற்கை காபனை ஏற்கும் ஆற்றல் குறையும் என்பதில் பதினொன்றும் உடன்பட்டன. அதனால் 2100 ஆம் ஆண்டளவில் காற்றிலே மேலதிகமாகத் தங்கும் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்ற வினாவுக்கோ, ஒன்று பத்து லட்சத்துக்கு 20 பங்கு என்றது. இன்னொன்று 200 பங்கு என்றது. பத்து மடங்கு வேறுபாடு!

இதனைக் கேட்டவுடன், ‘இவர்கள் தமக்குள்ளேயே முரண்படுகின்றனர், இக்கணக்கை நம்புவானேன்?’ என்று கூறுவோர் உளர். அவர்க்கு நம் வீட்டுப் பஞ்சாங்கத்தைச் சான்றாகக் காட்டுவோம். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் நம் நாட்டில் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. ஒரே விரதம் ஒன்றில் ஒருநாளும் மற்றொன்றில் மறுநாளும் வருவதுண்டு. அதனால் சூரிய சந்திரரின் கதியே பொய்யென்று எவரும் கூறார். திருக்கணிதம் என்ற பெயரே காட்சியால் திருத்தப்பட்ட கணிதம் என்னும் கருத்தை உடையது. கணிதம் தன் போக்கிற் சென்று வானத்தினின்றும் விலகும்போது, கண்ணாற் கண்டு திருத்துவதே நெறி. காபன் கணக்குக்கும் வேண்டியது இதுவே. கணக்கை எறிந்துவிடுதல் பேதைமை. காணாமலே கணக்கை நம்புதல் அதனினும் பேதைமை.

காணாது செய்த கணக்கினால் விளைந்த கேட்டுக்கு நமது கிழக்கேயுள்ள போர்ணியோத் தீவு தக்க சான்றாகும். இந்தோனேசியாவுக்குரிய கலிமந்தான் பகுதியில் கரிச்சதுப்பு நிலங்கள் மிகப் பரந்து கிடந்தன. நீர் தேங்கி நிற்கும் காட்டிலே மரஞ்செடிகள் மடிந்து வீழ்ந்து, காற்றுப் படாமையால் முற்றும் அழுகாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகத் திரண்டு உண்டானதே கரிச்சதுப்பு மண். சிலவிடங்களில் அதன் ஆழம் பத்து மீற்றருக்கும் மேற்படும். அந்நிலத்திற் கண்ணுக்குத் தெரியும் காடு சிறு செல்வம். காலடியிற் புதைந்து கிடப்பதே பெருஞ் செல்வம். 1995 ஆம் ஆண்டிலே சுகார்த்தோவின் அரசாங்கம் அங்கே பத்து லட்சம் ஹெக்டேயரை நெல்வயலாக்கத் திட்டமிட்டது. அரிசியில் தன்னிறைவு என்னும் நோக்கம் இழிவானதன்று. சோற்றை உயிராகக் கொண்ட நாம் அதனைப் பழிக்க முடியாது. காடு வெட்டப்பட்டது. 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்திற்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கால்வாய்கள் நீரைக் கொணர்வதற்கு மாறாக நிலத்திலிருந்த நீரை வடித்தன. புளிப்பு மிகுந்த அம்மண்ணில் நெல் விளையவில்லை. 1999 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

நெல் விளையாமை சிறிய இழப்பே. 1997 ஆம் ஆண்டிலே எல்நினோ என்னும் கடற்போக்கு மாற்றத்தால் அப்பகுதியிற் கடும் வறட்சி உண்டாயிற்று. வறட்சி அத்தீவுக்குப் புதியதன்று. ஆனால் நீர் நிறைந்த சதுப்புக் காடு வறட்சியைத் தாங்கும். நீர் வடிந்த சதுப்பு தாங்காது. நிலந் திருத்த இட்ட தீ காய்ந்த மண்ணுக்குள்ளே புகுந்து மாதக்கணக்காகக் கனன்றது. புகை கடல் கடந்து சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிற்று. சூசன் பேஜ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் மத்திய கலிமந்தானில் ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்பின்படி, அவ்வொரே ஆண்டில் இந்தோனேசியாவின் கரிச்சதுப்பும் காடும் எரிந்து காற்றிற் கலந்த காபன் 81 கோடி தொன் முதல் 257 கோடி தொன் வரையாகும். அக்காலத்தில் உலகம் முழுவதும் ஓராண்டிற் கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்ட காபனில் அது நூற்றுக்கு 13 முதல் 40 பங்கு. அத்தனையும் நெல்வயல் திட்டத்தின் விளைவென்று கூறுதல் பொருந்தாது. வேறு தோட்டங்களுக்காக நீர் வடித்த சதுப்பு நிலங்களும் அந்நாட்டில் எரிந்தன. ஆயினும் எல்லாவிடத்தும் பாடம் ஒன்றே.

அப்பாடம் யாது? நிலத்தை மட்டும் மாற்றிப் பொழுதை மாற்றாத பேரேட்டை எண்ணிப் பாருங்கள். அது ‘காடு போயிற்று, வயல் வந்தது, மரத்தின் காபனைக் கழிக்க’ என்று எழுதியிருக்கும், நிலத்தடியிலே கிடந்ததைத் தொட்டிராது. பொழுதை மட்டும் மாற்றி நிலத்தை மாற்றாத கணக்கோ, ‘வறட்சி வந்தது, சதுப்பு நிலம் சிறிது காய்ந்தது, மழை வந்ததும் நனைந்தது’ என்று எழுதியிருக்கும். இரண்டு கணக்குகளையும் கூட்டினாலும் அப்பெருந்தீ அதில் வராது. ஏனெனில் தீயானது நிலமாற்றமும் பொழுதுமாற்றமும் கூடியவிடத்திற் பிறந்தது. கூட்டற் கணக்குக்கு அது எட்டாது. நெருப்புப் பெட்டியும் வைக்கோற் போரும் தனித்தனி இருக்குங்கால் நேராத கேடு கூடியவிடத்து நேர்கின்றதன்றோ? இன்னும் ஒன்று. 81 முதல் 257 வரை என மும்மடங்கு விரிந்த அவ்வெண்ணையும் நோக்குக. எரிவதற்கு முன்னே சதுப்பின் ஆழத்தையும் செறிவையும் நாடு முழுவதும் அளந்து வைத்திருந்தால் இத்துணை ஐயம் இராது. இருப்பு அறியாதவன் இழப்பையும் அறியமாட்டான்.

இனி, நம் நாட்டை நோக்குவோம். நமக்குரிய புதைசெல்வம் பெரும்பாலும் கண்டற்காடுகளில் உளது. இந்து, பசிபிக் சமுத்திரக் கரைகளில் 25 இடங்களிற் செய்து 2011 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, கண்டற்காட்டின் ஒரு ஹெக்டேயரிற் சராசரி 1,023 தொன் காபன் உண்டென்றும், அதிற் பெரும்பகுதி சேற்று மண்ணிலேயே உண்டென்றும் காட்டிற்று. அத்தகைய காடுகளை வெட்டிப் புத்தளம், சிலாபம் பகுதிகளில் 1980 களிலும் 1990 களிலும் இறாற் பண்ணைகள் அமைக்கப்பட்டன. பின்னர் வெண்புள்ளி நோய் பரவப் பண்ணைகள் பல பாழாய்க் கிடந்தன. வெட்டிய நாளிலே அச்சேற்றின் காபனை யார் கணக்கெழுதினார்?

நட்டதையும் கணக்கெழுதப் பழகுதல் வேண்டும். 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின் நம் கரையோரங்களிற் கண்டல் நடும் முயற்சிகள் பல நடந்தன. நல்லெண்ணத்தோடு நடந்தவை அவை. ருகுணு பல்கலைக்கழக அறிஞர் முதலியோர் 23 இடங்களை நேரிற் சென்று பார்த்து 2017 இல் வெளியிட்ட முடிவு வருந்தத்தக்கது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் நடப்பட்டதாகக் கூறப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே பிழைத்திருந்தது. வற்றுப் பெருக்கின் உயரமறியாமல் நட்டமையும், இடத்துக்கொவ்வாத இனத்தை நட்டமையும், நட்டபின் பேணாமையும் காரணங்களாயின. நட்ட அன்றே ஏட்டில் வரவு வைத்திருந்தால் அவ்வேடு இன்று எவ்வளவு பொய்யாயிருக்கும்! இப்படிப்பினைகளின் பின் இந்நாட்டிற் கண்டலை மீட்கும் பணி திருந்தியது. 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் தாபனம் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை உலகுக்கு முன்மாதிரியாகத் தேர்ந்து பாராட்டிற்று. சென்று பார்த்ததனாலன்றோ இத்திருத்தம் கைகூடிற்று!

பிறநாட்டு எண்ணை நம் நிலத்துக்கு இரவல் வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். மரத்தின் காபனைக் கணிப்போர் நெஞ்சுயரத்திலே, அதாவது நிலத்தினின்றும் 1.3 மீற்றர் உயரத்திலே, அதன் பருமனை அளந்து சூத்திரத்திலிடுவர். வேம்புக்கும் பூவரசுக்கும் இது பொருந்தும். பனைக்குப் பொருந்துமா? பனையின் அடி ஆண்டுதோறும் பருப்பதில்லை. அது வானை நோக்கி உயர்வதன்றிச் சுற்றளவிற் பெருகாது. முப்பதாண்டுப் பனையும் எழுபதாண்டுப் பனையும் நெஞ்சுயரத்தில் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். வடபுலத்தின் பனங்கூடல்களை வேம்புக்குரிய சூத்திரத்தால் அளப்பவன் எவ்வளவு கற்றவனாயினும் பிழையே எழுதுவான். இவ்வாறே, பூவரசங் குழையையும் பழைய பனையோலையையும் தோட்டத்திலே புதைத்து மண்ணுக்கு உரமூட்டிய நம் கமக்காரரின் செம்மண்ணும், உரமூட்டாத செம்மண்ணும் படத்திலே ஒரே நிறமாகத் தோன்றும். காபன் அளவிலே ஒன்றாகா.

எனவே எமது கருத்து இதுவே. காட்டையோ சதுப்பையோ வேறொரு பயனுக்கு மாற்றுமுன் அந்நிலத்தின் இருப்பை, மண்ணின் ஆழம் உட்பட, அந்நிலத்திலேயே அளத்தல் வேண்டும். அதன் வருங்காலத்தைக் கணிக்குங்கால் நிலமாற்றத்தையும் மிகக் கொடிய வறட்சி ஆண்டையும் ஒருங்கே வைத்துக் கணித்தல் வேண்டும். சராசரி ஆண்டைக் கொண்டு கணித்த கணக்கு சராசரி ஆண்டுக்கே உதவும். காபன் வரவைப் பத்திரமாக்கி விற்கும் வணிகம் இன்று உலகிற் பெருகி வருகின்றது. நம் காட்டுக்கும் கரைக்கும் விலை பேச வருவோர் வெறும் படத்தையும் பெருக்கற் கணக்கையும் காட்டுவாராயின், ‘நிலத்திற் சென்று அளந்த ஏடு எங்கே?’ என்று கேட்கத் துணிதல் வேண்டும். நிற்கும் பழங்காட்டைக் காப்பது வரவேற்பு விழாவோடு கன்று நடுவதினும் மேலானது என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். பல நூற்றாண்டு சேமித்த முதலை இன்று எரித்துவிட்டு, நாளை வட்டி வருமென்று கன்றை நடுதல் குடி வாழ்வார் செயலன்று.

அளப்பதற்கு யார் உளர் என்று கேட்பீராயின், கல்லூரிகள் உள என்போம். மேலே கூறிய றொதம்ஸ்ரெட்டில், 1843 ஆம் ஆண்டிலே ஜோன் லோஸ், ஹென்றி கில்பேட் என்னும் இருவர் ஒரு கோதுமை வயலில் எருவையும் உரத்தையும் ஒப்பிட்டறியத் தொடங்கினர். காலநிலை மாற்றம் என்னும் சொற்றொடரையும் அவர் கேட்டிரார். அவ்வயல் இன்றும் ஆண்டுதோறும் விதைக்கப்படுகின்றது. அதன் மண்ணும் விளைவும் பேழைகளில் பேணப்படுகின்றன. அந்த நீண்ட ஏட்டை வைத்தே மண்ணின் காபனைக் கணிக்கும் மாதிரியுரு திருத்தம் பெற்றது. அளந்தவர் மாய்ந்தனர், அளவை மாயவில்லை. தனி மனிதனால் ஆகாத இப்பணி தலைமுறை கடந்து வாழும் நிறுவனங்களாலேயே ஆகும். அத்தகைய நிறுவனமாக நிலைத்து நின்று விழாக் கொண்டாடுவது நம் கல்லூரி.

ஆகவே, இவ்விழாவின் நினைவாகக் கல்லும் மண்டபமும் எழுப்புவதோடு ஓர் ஏட்டையும் திறக்குமாறு அதிபரையும் ஆசிரியர்களையும் பழைய மாணவர் சங்கத்தாரையும் வேண்டுகின்றோம். கல்லூரிக்கு அண்மையில் ஒரு துண்டு நிலத்தைத் தெரிந்து எல்லையிட்டு, அதிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, ஆண்டுதோறும் ஒரே மாதத்திற் சுற்றளவையும் பனைக்கு உயரத்தையும் அளந்து எழுதட்டும். மண்ணைக் குறித்த ஆழங்களில் எடுத்து உலர்த்தி நிறுத்து, உலையிற் சுட்டு மீண்டும் நிறுத்து, எரிந்துபோன பங்கைக் குறிக்கட்டும். மழையையும் வெப்பத்தையும் நாடோறும் அதே ஏட்டில் எழுதட்டும். நிலத்துக்கு ஓர் ஏடு, பொழுதுக்கு வேறோர் ஏடு வேண்டா. உயர்தர விஞ்ஞான வகுப்பு மாணவர் இப்பணியைச் செய்து, விடைபெறும்போது ஏட்டை அடுத்த வகுப்பாரிடம் கையளிக்கட்டும். செலவு மிகச் சிறிது: ஓர் அளவுநாடா, ஒரு தராசு, ஒரு மழைமானி, ஒரு சிற்றுலை. வேண்டுவது விடாமுயற்சி ஒன்றே.

ஐந்தாண்டில் அந்த ஏடு பெரிதாக ஒன்றும் கூறாது. இருபத்தைந்து ஆண்டில், எங்கோ இருந்து நம் நிலத்தைக் கணிப்போர் அதைத் தேடி வருவர். ஐம்பதாண்டில், இன்று பிறவாத மாணவர் ஒருவர் இக்கல்லூரியின் அடுத்த விழா மலரிலே, நம் மண் ஏற்றதையும் இழந்ததையும் ஊகத்தால் அன்றி அளவையால் எழுதுவார். அதற்கான முதல் வரியை எழுதும் கடன் நம்முடையது.